ஒசர லயத்துக் குறுக்குப்பாதை

என் பாசத்துக்கும் சண்டைக்கும் உரிய அத்தானுக்கு,

நீங்கள் மூன்று தடவை கேட்டும் நான் கொடுக்காத அந்தப் பட்டியலைப் போன வாரம் எங்கள் ஆபீஸ் வாசலில் இருக்கும் அறிவித்தல் பலகையில் என் கையாலேயே குத்தினேன். நாலு மூலைக்கும் நாலு குண்டூசி. மண் சரியக்கூடும் என்று விஷயம் தெரிந்தவர்கள் மலையேறிப் பார்த்துக் குறித்துவைத்த லயங்களின், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளின், பட்டியல். ஆட்களின் பெயர்கள் இல்லை, இடங்கள் மட்டும். நீங்கள் கேட்டதும் அதைத்தானே?

குத்திவிட்டு மேசையில் வந்து உட்கார்ந்தேன். வேலை ஓடவில்லை. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நீங்கள் போன பிறகு இது இரண்டாவது சித்திரை. நம் மகள் தர்ஷி குண்டசாலையில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ் ஏறிக் கண்டிக்கு வேலைக்குப் போகிறாள். சனிக்கிழமை வந்தால் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுகிறாள். மற்ற நாட்களில் நாவலப்பிட்டி வீட்டில் நானும் ரேடியோவும்தான்.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். என் கணவர் மனோகரன் பாண்காரர். திரீவீலரின் பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி பூட்டி, மெட்டுப் போட்டுக்கொண்டு தோட்டத்து ரோட்டெல்லாம் பேக்கரிப் பாண் விற்கிறார்களே, அந்த வேலை. எனக்குச் சொந்த அத்தை மகன். நான் அரசாங்க ஆபீஸில் உத்தியோகம். “மாமா மக கவுமென்ட் மேடம், அத்த மகன் பாண்காரன்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பீர்கள். நான் சிரித்ததில்லை. அந்தப் பேச்சு எனக்கு உள்ளுக்குள் குத்தியது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும்.

விடிய முன்னம் பேக்கரிக்குப் போய்ச் சூட்டோடு அடுக்கிக்கொண்டு கிளம்புவீர்கள். போகிற வழியில் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தி, எனக்கென்று சீனி தூவிய ஒரு கிம்புலா பணிஸைக் காகிதத்தில் சுற்றிக் குசினி ஜன்னலில் வைத்துவிட்டுப் போவீர்கள். நான் எழும்பி வரும்போது காகிதத்தில் எண்ணெயும் சீனியும் ஊறியிருக்கும். உங்கள் சட்டையைத் துவைக்கப் போட்டால்கூட வெந்த மாவின் வாசம் வரும். அந்த நீலச் சட்டையை நான் இன்னும் துவைக்கவில்லை, அத்தான். வாசம் போய்விட்டது. ஆனாலும் துவைக்கவில்லை.

சாயந்தரம் நான் ஆபீஸ் விட்டு வந்தால் தேத்தண்ணி ஊற்றி வைத்திருப்பீர்கள். குடித்துக்கொண்டே அன்றைய கதையெல்லாம் வரும். ஒசர லயத்துக்கு மேலே தண்ணி டேங்கி ஒழுகி ரோட்டெல்லாம் வழுக்கல். இருபது காம்பரா லயத்தில் புதுசாக ஒரு கோழிக்கூடு, அதை இடித்துவிடாமல் வண்டியைத் திருப்பப் பட்ட பாடு. கோயில் லயத்தில் ஒரு பாட்டுக்காரப் பிள்ளை. நான் பாதிக் காதால் கேட்டுக்கொண்டே ஆபீஸ் கோபத்தை நினைத்துக்கொண்டிருப்பேன். “கேக்குறியா?” என்பீர்கள். “கேக்குறேன், சொல்லுங்க” என்பேன்.

நஸீஹாவை நீங்கள் சந்தித்த நாள் மட்டும் முழுக் காதால் கேட்டேன். திகனையில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிற டீச்சர். டவுனில் அவளுடைய சின்னம்மா முறையான சாச்சி வீட்டுக்கு வந்திருந்தவள், உங்களிடம் மீன் வைத்த மாலு பாண் வாங்கிக்கொண்டே, அண்ணனை நானா என்னும் அவர்கள் வழக்கப்படி கேட்டிருக்கிறாள்.

“நானா, நீங்க எந்தப் பக்கமெல்லாம் போற?”

“மேல இருக்கிற தோட்டம் பூரா நாந்தான் தங்கச்சி.”

அவள் போனைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டி, நீங்கள் போகிற ரோட்டைக் காட்டச் சொன்னாளாம். அங்கே ரோட்டும் இல்லை, லயமும் இல்லை. வெறும் பச்சை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் உங்கள் ஆத்திரம் அடங்கவில்லை. “யோகா, இருவது வருசமா நான் போற ரோட்டு அதுல இல்லையாம்! அப்ப நான் என்ன காத்துலயா வண்டி ஓட்டுறேன்?”

அந்த வரைபடம் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை என்று அவள் விளக்கியிருக்கிறாள். உலகம் முழுக்கச் சாதாரண ஆட்கள் வரைவது. யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். அதை ஓட்டுகிற மென்பொருளும் அப்படித்தான், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், தன் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். “அப்ப சம்பளம் யாரு குடுக்கிறா?” என்று கேட்டீர்களாம். “யாருமில்ல நானா.” “அப்ப இது நம்ம கோயில் அன்னதானம் மாதிரி. ஆளுக்கு ஒரு கொத்து அரிசி.” இதை நஸீஹா இன்றைக்கும் தன் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்கிறாள்.

அவள் உங்கள் போனில் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். கிளம்பும்போது ஒரு பொத்தானை அமுக்கினால், நீங்கள் போகிற வழியெல்லாம் புள்ளி புள்ளியாக விழும். மத்தியானம் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, சாரத்தோடு ஜன்னலருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அந்தப் புள்ளிகளை ரோட்டாக மாற்றுவீர்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் லயத்துக் கூரையைத் தேடிப் பிடிப்பீர்கள். “நீட்டா ஒரு தீக்குச்சி மாதிரி தெரியுது பாரு. இதுக்குள்ள பன்னெண்டு குடும்பம்.” தோட்டத்து ஆபீஸில் லயத்துக்கு நம்பர். ஆட்கள் கூப்பிடுவது வேறு பெயர். நீங்கள் நம்பரைப் போடவில்லை. “நம்பரச் சொன்னா யாரும் பாண் வாங்க வரமாட்டாங்க” என்று சொல்லி, ஒசர லயம், கோயில் லயம் என்று தமிழிலேயே போட்டீர்கள்.

நஸீஹா முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தபோது என்னைப் பார்த்து, “தாத்தா, சுகமா ஈக்கிறீங்களா?” என்றாளே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு என்ன தாடியா முளைத்திருக்கிறது என்று நான் திகைக்க, நீங்கள் தேத்தண்ணி புரையேறச் சிரித்தீர்கள். அவர்கள் வீட்டில் அக்காவைத்தான் தாத்தா என்பார்களாம். இப்போது அந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லாவிட்டால் எனக்கு அன்றைய நாள் முடிந்த மாதிரி இல்லை.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸ் அலுமாரியில் அப்படி ஒன்று இருப்பதை நானே உளறியதுதான். நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். முதல் தடவை தேத்தண்ணி நேரத்தில் கேட்டீர்கள். இரண்டாவது தடவை, தர்ஷியைப் பார்க்கக் கண்டிக்குப் போகும்போது பஸ்ஸில் கேட்டீர்கள்.

“ஆபீஸ் பேப்பர வெளிய குடுக்க ஏலாது.”

“ரகசியமா?”

“ரகசியம்னு யாரும் சொல்லல.”

“அப்ப குடுக்கலாமே.”

“குடுக்கலாம்னும் யாரும் சொல்லல.”

“அப்ப அத யாருக்குத்தான் எழுதி வச்சிருக்கு யோகா? ஆளுங்க பேரு வேணாம். எடம் மட்டும் போதும். நான் போய்ப் பாத்துட்டு வரேன், வரைபடத்துல போட்டுடலாம்.”

மூன்றாவது தடவை கேட்டபோது நான் என்ன சொன்னேன் என்பது நம் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியும். இன்றைக்கு எல்லோருக்கும் தெரியட்டும். “நீங்க பாண் விக்கிற வேலைய மட்டும் பாருங்க” என்றேன். மிச்சத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, என்னுடைய கோப்பையையும் சேர்த்துக் கழுவிக் கவிழ்த்துவைத்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவேயில்லை. கேட்க நாளும் இருக்கவில்லை.

அந்த ஆடி மாதக் காலையில் ஒசர லயத்து வாசலில் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டு, படியில் உட்கார்ந்தீர்களாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டீர்களாம். இதெல்லாம் அந்த லயத்துத் தலைவர் செல்வம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்கள் வண்டியில் பெட்டி பூட்டியிருந்ததால் ஆளைப் படுக்கவைக்க இடம் இல்லை. வேறு வண்டிக்குச் சொல்லி, அது ரோட்டைச் சுற்றி வருவதற்குள் என்னவும் ஆகிவிடும் என்று, நாலு பேர் உங்களைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு, தேயிலைக்குள்ளால் இறங்கும் குறுக்குப்பாதையில் பெரிய ரோட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மேலே உங்கள் வண்டியில் மெட்டு மட்டும் ஓடிக்கொண்டேயிருந்ததாம். அதை எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லையாம்.

நாவலப்பிட்டி ஆஸ்பத்திரியிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். அந்த மூன்று நாளும் பட்டியல் பேச்சு என் வாய்வரை வந்தது. சுகமாகி எழும்பட்டும், வீட்டில் வைத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் நஸீஹா வந்தாள். நீங்கள் வரைபடத்தில் ஏற்றாமல் விட்ட வழிகள் போனில் கிடக்கும், எடுத்துக்கொள்ளவா என்று கேட்டாள். கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள்.

“தாத்தா, இந்தக் கோடு ரோட்ட உட்டு எறங்கிப் போகுது. இதுல ரோட்டு இல்லயே?”

வாங்கிப் பார்த்தேன். நாள், அந்த நாள். மேலே ஓர் இடத்தில் புள்ளியெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மொய்த்துக் கிடந்தது. அங்கேயிருந்து மெதுவாக, நேரே கீழே இறங்கியது. பெரிய ரோட்டில் வந்து திடீரென்று வேகம் பிடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. உங்கள் சட்டைப் பையில் இருந்த போன், உங்களைத் தூக்கிக்கொண்டு வந்த ஒவ்வொரு அடியையும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறது.

நான் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது. போனை மூடி என் மடியில் வைத்தாள். “இது ஒங்கட, தாத்தா. நான் தொடமாட்டேன்” என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வாரம் யோசித்தேன். அது உங்களுடைய கடைசிப் பயணம். அதை எடுத்து ஊர் பார்க்க வைப்பதா? ஆனால் நீங்கள் இருந்திருந்தால் முதல் வேலையாக அதைத்தானே வரைந்திருப்பீர்கள்? வண்டி போகாத பாதை என்பதால் அதுவரை நீங்கள் அதில் கால் வைக்கவேயில்லை. நஸீஹாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்: லயத்திலிருந்து ரோடு வரைக்கும் உள்ளதை நடைபாதையாகப் போடு. மிச்சம் எனக்கு. அவள் போட்டாள். பெரிய ரோட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்து ஒசர லயத்துக்கு ஏறும் ஒரு மெல்லிய கோடு. நான் இந்த வேலைக்குக் கொடுத்த முதல் பங்கு அதுதான், அதுவும் உங்களுடையது.

போன கார்த்திகை மழையை நீங்கள் பார்க்கவில்லை. பார்க்காததே நல்லது. இரண்டு நாள் விடாமல் கொட்டி, மூன்றாம் நாள் காலை மகாவலி டவுனின் பள்ளமான பக்கத்துக்குள் வந்துவிட்டது. ரயில் இல்லை, கரண்ட் இல்லை. கண்டியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மண் இறங்குகிறது என்று செய்தி. தர்ஷி பத்திரமாக இருக்கிறாள் என்று ஒரு வரி மட்டும் போனில் வந்தது. நடந்தே ஆபீஸுக்குப் போனேன். வந்து சேர்ந்தது நாங்கள் மூன்று பேர். பொறுப்பதிகாரியால் வர முடியவில்லை, அவருடைய போனும் வேலை செய்யவில்லை.

நஸீஹாவின் வரைபட ஆட்கள் அதற்குள் ஒரு பக்கத்தை இணையத்தில் திறந்திருந்தார்கள். எங்கே ஆள் மாட்டியிருக்கிறது, எந்த ரோடு அறுந்தது என்று யாரும் அதில் போடலாம். போட்டதும் அவர்கள் கூப்பிட்டு உண்மையா என்று விசாரித்து வரைபடத்தில் குறிப்பார்கள். வேறொரு நாட்டில் வேறொரு வெள்ளத்துக்காக முகம் தெரியாத யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவைத்த மென்பொருளாம். அதைத் தமிழிலும் சிங்களத்திலும் மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் அன்னதானம்தான், அத்தான்.

பத்து மணியிருக்கும், அவளுடைய அழைப்பு ஒரு தடவை பிடித்தது.

“தாத்தா, தொண்டர் ஆக்கள் நாவலப்பிட்டில நிக்கிறாங்க. ஸ்ட்ரெச்சர், கயிறு எல்லாம் ஈக்குது. எந்த லயத்துக்கு முதல் போறெண்டு தெரியா. எது ஆபத்தான எடம் எண்டு ஒங்கட ஆபீஸ்ல ஏதும் லிஸ்ட் ஈக்கா?”

அலுமாரி எனக்கு இரண்டு அடி தள்ளி இருந்தது. சாவி என் கைப்பையில். யாருக்குத்தான் எழுதி வைத்திருக்கிறது என்று நீங்கள் பஸ்ஸில் கேட்டது காதில் அப்படியே கேட்டது. பயமாகத்தான் இருந்தது. திறந்தேன்.

நாலு பக்கம். வீட்டுக்காரர் பெயர் இருந்த நிரலை ஒரு வெள்ளைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு படம் எடுத்தேன். அனுப்பப் போகும்போதுதான் பார்த்தேன், பட்டியலில் இருப்பதெல்லாம் நம்பர். ‘மேற்பிரிவு, ஏழாம் இலக்கத் தொடர், நீர்த்தாங்கிக்குக் கீழ்.’ வரைபடத்தில் இருப்பதோ நீங்கள் போட்ட பெயர்கள். இரண்டையும் பொருத்தத் தெரிந்தவர்கள் தோட்டத்து ஆபீஸில் இருப்பார்கள், அங்கே போன் போகவில்லை.

அப்புறம் நான் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீர்த்தாங்கிக்குக் கீழ் என்றால், டேங்கி ஒழுகி ரோடு வழுக்குகிற ஒசர லயம். அம்மன் ஆலயத்துக்குத் தெற்கு என்றால், பாட்டுக்காரப் பிள்ளை இருக்கும் கோயில் லயம். நம்பருக்குப் பக்கத்தில் நீங்கள் சொன்ன பெயர்களை எழுதிக்கொண்டே வந்தேன். பாதிக் காதால் கேட்டேன் என்று நினைத்திருந்த கதையெல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை, அதிசயமாக இருந்தது.

கடைசிப் பக்கத்தில் ஓர் இடம் மட்டும் பொருந்தவில்லை. பணிய கணக்கில், அதாவது தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், தனியாக நாலு வீடு. அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொன்னதில்லை. அங்கே வண்டி போகாது. வரைபடத்தில் அந்தப் பக்கம் பச்சைதான். பெயர் எழுதாமல் அனுப்பினேன்.

செல்வத்துக்கு ஏழெட்டுத் தடவை அடித்தபிறகு பிடித்தது.

“தலைவரே, நான் பாண்காரர் சம்சாரம் யோகா பேசுறேன். ஒங்க லயம் ஆபீஸ் லிஸ்ட்ல இருக்கு. மண் சரியலாம்னு எழுதியிருக்கு. எல்லாரையும் கூட்டிக்கிட்டு எறங்கிடுங்க.”

மழைச் சத்தத்துக்கு மேலால் கத்தினார்.

“எப்ப எழுதுனது மேடம்?”

“ரெண்டு வருசத்துக்கு முந்தி.”

“எங்ககிட்ட யாருமே சொல்லலியே.”

“இப்ப நான் சொல்றேன் தலைவரே. என்னைய ஏசுறதா இருந்தா எறங்கி வந்து ஏசுங்க.”

“ரோட்டு பாலத்துக்கிட்ட அறுந்துபோச்சு. படுத்த படுக்கையா ரெண்டு பேரு இருக்காங்க, நெறமாசப் புள்ள ஒண்ணு இருக்கு. இந்த வழுக்கல்ல நாங்க எப்பிடித் தூக்குறது?”

“குறுக்கால ஆளுங்க ஏறி வர்றாங்க. ஸ்ட்ரெச்சரோட வர்றாங்க. நீங்க நடக்கிறவங்கள மொதல்ல அனுப்புங்க.”

அத்தோடு அறுந்துவிட்டது. எறங்குகிறோம் என்று சொன்னாரா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

தொண்டர்கள் யாரும் நம் பக்கத்து ஆட்கள் இல்லை. குறுக்குப்பாதையின் வாய் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மானாப்புல்லுக்குள் மறைந்து கிடக்கும். தெரியாதவர்கள் கண்ணில் படாது. சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்கிற மாதிரி வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்திருந்ததால், அந்த மெல்லிய கோட்டைப் பிடித்துக்கொண்டு புல்லை விலக்கி ஏறியிருக்கிறார்கள். பாதி வழியில் செல்வத்தின் ஆட்களைச் சந்தித்தார்களாம். மூன்று மணிக்குள் லயம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. நாலு மணிக்கு மேல் மலை வந்தது.

மறுநாள் செல்வம் நேரே ஆபீஸுக்கு வந்தார். உடம்பெல்லாம் சேறு. என்னை ஏசத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். “லயத்துல பாதி இல்ல மேடம்” என்றார். “ஆளுங்க எல்லாரும் இருக்காங்க.” சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து ஒரு குழந்தையைப் போல அழுதார். நானும் அப்போதுதான் அழுதேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தைச் சந்தோஷமாக எழுதியிருப்பேன். இரண்டு நாள் கழித்துத்தான் பணிய கணக்கின் அந்த நாலு வீட்டுச் செய்தி வந்தது. மூன்று பேர். அதில் ஒருத்தியின் பெயர் எனக்குத் தெரியும். நான் வெள்ளைக் காகிதத்தால் மறைத்த நிரலில் அது இருந்தது.

தேத்தண்ணி நேரத்தில் நீங்கள் முதல் தடவை கேட்டபோதே நான் கொடுத்திருந்தால்? நீங்கள் வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த நாலு வீட்டுக்கும் நடந்தே போயிருப்பீர்களா? அங்கேயும் ஒரு கோடு விழுந்திருக்குமா? அப்படியெல்லாம் கணக்குப் பார்க்கக் கூடாது என்கிறார் செல்வம். அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் என்கிறாள் நஸீஹா. எனக்குத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அத்தான்?

ரோடு திறந்து பொறுப்பதிகாரி வந்ததும், பட்டியலை வெளியே கொடுத்தது யார் என்று கேட்டார். “நான்தான் சேர்” என்றேன். விளக்கம் எழுதித் தரச் சொன்னார். நடந்ததை நடந்தபடி ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். வாசித்தார், கோப்பில் போட்டார். மாதக்கணக்கில் வேலை போகுமோ என்று காத்திருந்தேன். போன வாரம் அவரே பட்டியலைப் பெயர்கள் இல்லாமல் புதிதாக அச்சிட்டுக் கொண்டுவந்து, “மிஸ், இதைப் பலகையில் போடுங்கள். ஒரு பிரதியை அந்த வரைபடப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள்” என்று சிங்களத்தில் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் நித்திரை இல்லாத நாட்கள் இருந்திருக்கும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது.

தை மாதத்திலிருந்து நஸீஹா எனக்கு வரைபடம் வரையக் கற்றுக்கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தர்ஷியும் பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா, அங்க அமுக்காதீங்க” என்று கத்துவாள். உடைந்த பாலம், அறுந்த ரோடு, தற்காலிகக் கொட்டில்கள் என்று ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வருகிறேன். பங்குனியில் ஒருநாள் செல்வத்தோடு மலையேறிப் பார்க்கப் போனேன். குறுக்குப்பாதை இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நூறு அடி ஏறியதும் சிவப்புப் பள்ளம்தான். ஒசர லயத்து ஆட்கள் இறங்கிய பாதையும், உங்களைத் தூக்கிக்கொண்டு வந்த பாதையும் அன்று நாலு மணிச் சரிவிலேயே போய்விட்டது.

வரைபடத்தில் மட்டும் அது அப்படியே இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் மறைத்துவைத்தேன். நஸீஹா வானத்துப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

“தாத்தா, அது இப்ப இல்லாத பாதை. நாளைக்கி யாரும் நம்பி ஏறினா? நான் அழிக்கவா, நீங்க அழிக்கிறீங்களா?”

“நானே செய்றேன்” என்றேன். ஜன்னலருகே உங்கள் கதிரையில்தான் உட்கார்ந்தேன். கோட்டின்மேல் விரலை வைத்தேன். மேலே முதல் புள்ளியிலிருந்து கீழே ரோடு வரைக்கும் ஒரு தடவை மெதுவாக வந்தேன். நாலு பேர் வழுக்காமல் எப்படி இறங்கினார்களோ? உங்களுக்கு நினைவு இருந்ததா? என் பெயரைச் சொன்னீர்களா? பிறகு அழித்தேன். ஏன் அழிக்கிறாய் என்று வரைபடம் கேட்டது. ‘மண்சரிவில் போய்விட்டது. நேரில் போய்ப் பார்த்தேன்’ என்று எழுதினேன். பழையது வரைபடத்தின் வரலாற்றில் இருக்குமாம், எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாமாம். நஸீஹா ஆறுதலாகச் சொன்னாள். நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை.

வருகிற ஞாயிறு பணிய கணக்குக்குப் போகிறோம், நானும் தர்ஷியும் செல்வமும். வண்டி போகாத இடங்களிலிருந்து தொடங்குவது என்று முடிவு. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வாசலுக்கும் நடந்தே போய், உங்கள் வீடு இதில் இருக்கிறது என்று என் வாயால் சொல்வேன். ஏசினால் நின்று கேட்பேன். உள்ள பாதையை வரைவேன். போய்விட்ட பாதையை, அது நீங்கள் வரைந்ததாகவே இருந்தாலும், ஒரு நாளும் வைத்திருக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
கல்யாணத்துக்கு முன்னமே உங்களுக்கு உறவான
உங்கள் மாமா மகள்,
யோகா